அப்பா டெஸ்ட் அடித்துப் போனார், மகள் பட்டம் படிக்கப் போகட்டும்

நம் மாவட்டத்துக்கு வெளிநாடு புதிதல்ல. அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வகோட்டை, கறம்பக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு நாலு வீட்டில் பாஸ்போர்ட் இருக்கும். சிங்கப்பூரில் கட்டட வேலை, வளைகுடாவில் டிரைவர் வேலை, மலேசியாவில் ஓட்டல் வேலை. ஏஜெண்டுக்குப் பணம் கட்ட ஆட்டை விற்றவர்களும் தாலியை அடகு வைத்தவர்களும் நமக்குத் தெரிந்தவர்கள்தான். ‘டெஸ்ட் அடிக்கப் போயிருக்கான்’ என்றால் என்ன டெஸ்ட் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வு அது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒரு குடியிருப்பின் மாலைநேரப் படிப்பு மையத்தில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருவர் எங்களிடம் கேட்டார்: “அண்ணே, எங்க அப்பா பத்து வருசம் சிங்கப்பூர்ல இருந்தாங்க. நான் படிக்கிறதுக்கு அங்கிட்டுப் போக முடியுமா? முதல் வருசமே போயிரலாமா?”

சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாணவி சிரிக்கவில்லை. அன்றைக்கு அவருக்கு முழுமையாகப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

1913-இன் முதல் பருவம்

இந்தக் கேள்விக்கான முதல் பதில் ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. 1913-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மூன்றாவது வாரத்தில், 22 வயது இளைஞர் ஒருவர் நியூயார்க் நகரில் வந்து இறங்கினார். அவருடைய தந்தை இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் பம்பாயில் விட்டுவிட்டு வந்திருந்தார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசில் வேலை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த இளைஞர் அம்பேத்கர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் எடுத்த பட்டங்களைத்தான் நாம் மேடையில் பேசுகிறோம். அவருடைய முதல் நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை. வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் அதைப் பதிவு செய்திருக்கிறார். முதலில் தங்கிய விடுதியின் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் அங்கிருந்து கிளம்பி, இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த வேறு இடத்துக்கு மாறினார். பிறகு நவல் பதேனா என்ற பார்சி இளைஞரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். அந்த நட்பு கடைசிவரை நிலைத்தது. கையில் இருந்த சொற்பப் பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். சாப்பாட்டைச் சுருக்கி, பழைய புத்தகக் கடைகளில் புத்தகம் வாங்கினார்.

சாப்பாடு பிடிக்கவில்லை, அறை மாற வேண்டும், பணம் போதவில்லை, வீட்டு ஞாபகம். நம் பிள்ளை எவராவது இன்று போய் இறங்கினாலும் முதல் மாதம் இதே கதைதான். அம்பேத்கருக்கும் அப்படித்தான் தொடங்கியது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளை பயந்துபோய்த் திரும்பி வராது.

ஆனால் ஒன்று அங்கே புதிதாக இருந்தது. சாத்தாரா பள்ளியில் தாகம் எடுத்தால் குழாயைத் திறக்க பியூன் வர வேண்டும், பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது என்று வளர்ந்தவர் அவர். கொலம்பியாவில் அதே மனிதர் எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் குடித்த கிளாசை யாரும் தனியாக வைக்கவில்லை. நம் மாவட்டத்தில் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் நாம். டீக்கடையில் தனிக் குவளை என்றால் என்னவென்று படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல நாம்.

அந்த மரியாதை அவருடைய படிப்பை விரித்துவிட்டது. பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானுடவியல், தத்துவம் என்று எல்லா வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார். ஜான் டூயி, எட்வின் செலிக்மன் போன்றவர்கள் அவருக்குப் பேராசிரியர்கள். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி அவர் படித்த கட்டுரை இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. ஊரில் அனுபவித்த வலிக்கு ஆராய்ச்சியின் மொழி கிடைத்தது அங்கேதான்.

திரும்பி வந்தபோது

இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1917-இல் அவர் ஊர் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலை. ஆனால் தங்க இடம் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்த பார்சிகள் சுமார் பன்னிரண்டு பேர் அவரை வெளியேறச் சொன்னார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று தமிழில் சொல்லத்தக்க தலைப்பில் அவர் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் இது இருக்கிறது. வெளிநாட்டில் கழித்த ஆண்டுகள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்தன, ஊருக்கு வந்ததும் அது திரும்பவும் தன் முன்னால் வந்து நின்றது என்று அதில் அவர் எழுதுகிறார்.

அதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1920-இல் மறுபடியும் லண்டன் போனார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார், நண்பர் பதேனா கடன் கொடுத்தார். விட்ட படிப்பை முடித்துக்கொண்டு வந்தார். மேல்படிப்பு சாதியை ஒழித்துவிடாது. ஆனால் சாதியை எதிர்த்து நிற்கிறவரின் கையில் அது ஒரு கருவி. பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் போகும் பிள்ளையும் இந்த இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்றைக்கு மன்னர் இல்லை, திட்டம் இருக்கிறது

அன்று ஒரு மன்னர் மனம் வைக்க வேண்டியிருந்தது. இன்று அது அரசின் கடமை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடக்கிறது. ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. மீதி, சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. பெண்களுக்கு 30 சதவீதம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வயது 35-க்குள், தகுதிப் படிப்பில் 60 சதவீத மதிப்பெண். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும். கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விசாக் கட்டணம், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு எல்லாம் இதில் அடங்கும்.

நாடு முழுமைக்கும் 125 இடம் என்பது எவ்வளவு சிறிய எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் 2022-இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகவியல் பற்றிய ஆய்வுப் படிப்புகளுக்கு இந்த உதவி இல்லை என்று விதியை மாற்றினார்கள். அம்பேத்கர் இன்று விண்ணப்பித்து, சாதியைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று எழுதினால், அந்த விண்ணப்பத்தின் கதி என்ன? 2025-இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நிதி இல்லை என்று முதலில் 40 பேருக்கு மட்டுமே கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் பிள்ளைக்கு ஜூலையில் ‘பணம் வந்தால் பார்க்கலாம்’ என்று சொல்வதும் ஒரு வகையில் கதவைச் சாத்துவதுதான்.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இதைவிட அகலமானது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு, கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்களும் விண்ணப்பிக்கலாம். சர்ச்சுக்குப் போவதால் மத்தியத் திட்டத்தில் இடமில்லாமல் போன பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு நேரான பதில். இந்த இரண்டு திட்டங்களுமே முதுகலைக்கும் ஆராய்ச்சிப் படிப்புக்கும்தான். பிளஸ் டூ முடித்ததும் இளங்கலையின் முதல் பருவத்தையே வெளிநாட்டில் தொடங்க வேண்டுமென்றால், அந்தப் பல்கலைக்கழகமே முழு உதவித்தொகை கொடுத்தால்தான் முடியும். அப்படி இடம் பிடிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களின் முதல் பயணச் செலவைத் தமிழக அரசு ஏற்பதாக அறிவித்திருக்கிறது. ஆகவே, பாதை இருக்கிறது, ஆனால் ஒற்றையடிப் பாதை. நம் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நடக்கக்கூடிய வழி, இங்கே நல்ல கல்லூரியில் இளங்கலையை நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, முதுகலைக்குப் போவது. இளங்கலைக்கும் அரசு உதவி வேண்டும் என்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பதினெட்டு வயதில் போகலாம், நம் பிள்ளை இருபத்தொரு வயது வரை காத்திருக்க வேண்டும் என்பதில் என்ன நியாயம்?

பணத்துக்கு முன்னால் தாள்

உதவித்தொகை கிடைத்த பிறகு கவலை குறைவு. சிக்கல் எல்லாம் அதற்கு முந்தைய ஓராண்டில்தான். ஆங்கிலத் திறனுக்கான ஐஇஎல்டிஎஸ் தேர்வுக் கட்டணமே பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் வருகிறது. பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்துக்கே தனிக் கட்டணம் வாங்குகின்றன. சில, இடத்தை உறுதிசெய்ய முன்பணமும் கேட்கின்றன. நூறு நாள் வேலைக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள் இதை எங்கே போய்ப் புரட்டுவார்கள்? தாட்கோ இந்தத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து, சாதிச் சான்றிதழில் அப்பா பெயர் இன்னொரு மாதிரி. நமக்குத் தெரிந்த பட்டதாரி ஒருவருக்குச் சான்றிதழில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்தித் தர ஓர் அலுவலகம் மூன்று மாதம் இழுத்தடித்தது. அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விட்டது. அவருடைய அம்மா எங்களிடம் கேட்டார்: “ஒத்த எழுத்துக்கா தம்பி எம்புள்ள படிப்பு போச்சு?” அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கல்லூரி முதலாண்டிலேயே எல்லாத் தாள்களிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். திருச்சி அலுவலகத்தின் கீழ்தான் நம் மாவட்டத்தின் பாஸ்போர்ட் வருகிறது. அதையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

போய் இறங்கியதும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதல் பருவம் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ தொடங்கும். கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து எழுதும் பழக்கம் அங்கே உதவாது. படித்ததை வைத்துச் சொந்தமாகக் கட்டுரை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை அவர் பெயர் சொல்லாமல் எடுத்துப் போட்டால் பெரிய குற்றம், படிப்பே போகலாம். எழுதத் தடுமாறும் மாணவர்களுக்கு உதவப் பல பல்கலைக்கழகங்களில் தனி மையம் வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. ஆங்கிலம் திக்குகிறதே என்று ஒதுங்கி உட்காராமல் அங்கே போக வேண்டும்.

சாதி அங்கேயும் வரும். நம்மை அவமதிப்பவர் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறையைப் பகிர்ந்துகொள்ளும் நம் நாட்டுக்காரரே குலம் கோத்திரம் விசாரிப்பார். இது இப்போது வெளியே தெரிந்துவிட்ட விஷயம். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022-இலும் சாதிப் பாகுபாட்டைத் தங்கள் விதிகளில் தடை செய்தன. சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சட்டமே போட்டது. அங்கே படிக்கப் போனவர்களும் வேலைக்குப் போனவர்களும் வாய்திறந்து பேசியதால் நடந்தது இது. யாராவது சீண்டினால் யாரிடம் புகார் செய்வது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குத் தேவை கேளுஸ்கர்கள்

அம்பேத்கரின் கதையில் அதிகம் பேசப்படாத ஒருவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர். ஆசிரியர். மெட்ரிக் தேறிய மாணவருக்குத் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தவர். அதன் பிறகு, அந்த மாணவர் மேலே படிக்க உதவும்படி பரோடா மன்னரிடம் எடுத்துச் சொன்னவரும் அவரே. அவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரல்ல. பெரிய பணக்காரரும் அல்ல. ஒரு பையனிடம் இருந்ததைக் கவனித்தார், கூடவே நடந்தார்.

நம் மாவட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அரசு அலுவலர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு மாணவர். விண்ணப்பக் கட்டுரையைத் திருத்திக் கொடுங்கள், தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள், அலுவலகத்துக்கு ஒருமுறை கூடப் போங்கள். அது போதும்.

அந்த மாணவி இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதுகிறார். அவருடைய அப்பாவின் பழைய பாஸ்போர்ட் வீட்டுப் பெட்டியில் இன்னும் பத்திரமாக இருக்கிறதாம். கலவை தூக்கிய கையோடு அவர் போய் வந்த நாட்டுக்கும் அதைத் தாண்டியும், புத்தகப் பையோடு மகள் போக வேண்டும். இந்தத் தாளை வெட்டி அவரிடம் கொடுக்கப் போகிறோம். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் நீங்கள் கொடுங்கள்.