"கிடைக்காதும்மா" என்றால், எது கிடைக்காது?

கல்லூரி சேரும் பருவத்தில் எந்த இ-சேவை மையத்தில் நின்றாலும் இப்படியொரு பேச்சு காதில் விழும்.

"முதல் பட்டதாரி சர்டிபிகேட் வேணும்."

"வீட்ல வேற யாராச்சும் டிகிரி முடிச்சிருக்காங்களா?"

"இவ அண்ணன் பி.காம் முடிச்சிருக்கான்."

"அப்போ கிடைக்காதும்மா."

அம்மாவும் மகளும் படியிறங்கிவிடுகிறார்கள். மையத்துக்காரர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் மறுத்தது ஒரு சான்றிதழை மட்டும். வீட்டுக்குப் போகும் வழியில் அது "நமக்கு எந்த உதவியும் கிடையாது" என்று மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்களுக்கான உதவிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்வி கேட்கின்றன. ஒன்றில் 'இல்லை' என்று வந்தால், அடுத்ததிலும் அப்படியே வரும் என்று நினைக்கத் தேவையில்லை.

எங்கே படித்தீர்கள்?

மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் (2022), தமிழ்ப் புதல்வன் திட்டம் (2024) இரண்டும் கேட்பது இதைத்தான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். வருமான வரம்பு கிடையாது; சாதியும் கேட்பதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் படித்தால் இருவருக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. அஞ்சல்வழிப் படிப்புக்குப் பொருந்தாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகும்.

பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் பள்ளியைத்தான் பார்க்கிறது. அதில் இடம் பிடித்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசின் பொறுப்பு. ஆனால் இங்கே அரசு உதவிபெறும் பள்ளி கணக்கில் வராது. 1,000 ரூபாய்க்குத் தகுதி பெற்ற மாணவி இதற்குத் தகுதி பெறாமல் போவது அதனால்தான்.

வீட்டில் முதலில் படித்தது யார்?

முதல் பட்டதாரி சலுகைக்கு இதுதான் கேள்வி. பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமல்ல, இருபக்கத் தாத்தா பாட்டியும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அதற்குக் குடும்பத்தார் கூட்டாக உறுதிமொழி தர வேண்டும். சலுகை, கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கே. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில், சேர்ந்தால் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

வருமானம் எவ்வளவு?

ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வருமானம் உள்ள ஒரு பிற்படுத்தப்பட்ட வகுப்புக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் பாலிடெக்னிக் அல்லது பொறியியல் சேர்ந்தால் பிற்படுத்தப்பட்டோர் நல உதவித்தொகை கிடைக்காது; அதற்கு வரம்பு 2.5 லட்சம். அதே மகன் அரசுக் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலை சேர்ந்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமானமே பார்ப்பதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும் 2.5 லட்சம்தான் வரம்பு.

மத்திய அரசின் கணக்கு வேறு. பிளஸ் டூவில் 80-வது பர்சென்டைலுக்கு மேல் எடுத்தவர்களுக்கு இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் தரும் உதவித்தொகைக்கு வரம்பு 4.5 லட்சம். நம் 3 லட்சக் குடும்பம் இதற்குள் வரும். இதற்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்குபவருக்கு இது கிடையாது என்பதால், எது லாபம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. தொழிற்படிப்புக்கு வாங்கும் கல்விக் கடனில், படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் வட்டியை அரசே ஏற்கும் திட்டத்துக்கும் 4.5 லட்சமே வரம்பு.

எல்லாம் சரி, பணம் எங்கே?

தகுதி உறுதியான பிறகும் பலர் பணம் வராமல் தடுமாறுவது வங்கிக் கணக்கில்தான். "ஆதார் லிங்க் பண்ணியாச்சு சார்" என்று மாணவர்கள் சொல்வது பெரும்பாலும், வங்கியில் ஆதார் நகல் கொடுத்ததைத்தான். அது போதாது. அரசு அனுப்பும் தொகை கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்துப் போகிறது. ஓர் ஆதாருக்குக் கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ, அங்கேதான் விழும். இதை 'ஆதார் சீடிங்' என்கிறார்கள். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கின் பாஸ்புக்கில் மாதாமாதம் என்ட்ரி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பணமோ கல்லூரிக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய கணக்கில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டிருக்கும். சீடிங் எந்த வங்கியில் இருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

படியிறங்கிய அந்த அம்மாவிடம் வருவோம். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், அண்ணனின் பி.காம் அவளுடைய மாதம் 1,000 ரூபாயைத் தொடாது. 7.5 சதவீதத்தில் பொறியியல் சீட் கிடைத்திருந்தால், அவளுக்கு முதல் பட்டதாரி சான்றிதழே தேவைப்பட்டிருக்காது. "கிடைக்காதும்மா" என்று சொன்னபோது, "எதுங்க கிடைக்காது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.