கிட்டாருக்குச் சுணை ஏற்றுவோம்!



ஆம்ப்ளிஃபயர் என்றால் என்ன என்று வைவாவில் கேட்டால் நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் ஒப்பிப்போம். உள்ளே வரும் சிக்னலை அதன் உருவம் கெடாமல் பெரிதாக்கி வெளியே தருவது. 'உருவம் கெடாமல்' என்பதை மட்டும் விட்டுவிட்டால் எக்ஸ்டர்னல் புருவத்தைத் தூக்குவார். ஆனால் உருவத்தைக் கெடுப்பதற்கென்றே, அதுவும் அளவு பார்த்துக் கெடுப்பதற்கென்றே ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டார்காரர்கள் அதைக் காலால் மிதித்து ஆன் செய்வார்கள். பெயர் ஃபஸ் பெடல். ஃபஸ் என்றால் நம்ம ஊர் பாஷையில் சுணை. நெல் தூற்றும்போது கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்குமே, அந்தச் சுணைதான். வழவழப்பான கம்பி நாதத்தின் மேல் அந்த மாதிரி ஒரு சொரசொரப்பு ஏறினால் அதுதான் ஃபஸ்.

இது எனக்கு எதற்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன் மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன் என்று நாகூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் போவார். இப்போதெல்லாம் ஒரு கீபோர்டும் ஒரு ரிதம் பேடும் இருந்தால் கச்சேரி முடிந்துவிடுகிறது. "டேய் தம்பி, கீபோர்டுல வராத சத்தம் ஒண்ணு என் கையில இருந்தாத்தான் அடுத்த சீசனுக்கு என்னைக் கூப்பிடுவாங்க" என்றார் அண்ணன். கடையில் விற்கும் எஃபெக்ட் பிராசசர் பல ஆயிரம் ரூபாய். கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். அதனால் இரண்டு டிரான்சிஸ்டரில் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் இந்தச் சத்தம் பிறந்த கதை. வேடிக்கையான கதை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொர்ரி' பாட்டு ஒலிப்பதிவின்போது மிக்சரில் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவானது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். 1961-இல் பாட்டு ஹிட். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னோடி அந்தப் பழுதையே டிரான்சிஸ்டர் சர்க்யூட்டாக்கினார். 1962-இல் கிப்சன் கம்பெனி அதை 'மேஸ்ட்ரோ ஃபஸ்டோன்' என்று விற்பனைக்கு விட்டது. ஆரம்பத்தில் சரியாகப் போகவில்லை. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் வாசித்த பிறகுதான் கடைகளில் இருந்ததெல்லாம் காலியானது. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் என்பவர் வட்டத் தட்டு மாதிரி ஒரு பெட்டியில் 'ஃபஸ் ஃபேஸ்' கொண்டுவந்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்த பெட்டி அதுதான். நம் நாட்டிலும் இந்தச் சத்தம் புதிதல்ல. சிகரெட் கம்பெனி ஒன்று நடத்திய 'சிம்லா பீட்' போட்டியில் வென்ற இந்தியக் குழுக்களின் 1970, 1971 இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சைன் அலையின் தலையையும் காலையும் வெட்டினால் அது சதுர அலைக்குப் பக்கத்தில் வரும். சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணோடு 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று ஒற்றைப்படை ஹார்மானிக்ஸ் சேர்ந்திருக்கும். மேல் பக்கம் ஒரு அளவும் கீழ்ப் பக்கம் வேறு அளவுமாக வெட்டினால் இரட்டைப்படையும் கூடவே வரும். நம்ம தஞ்சாவூர்த் தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவில் ஒரு நூலை வைத்து 'ஜீவா' பிடிக்கிறார்களே, அங்கேயும் மேல் ஹார்மானிக்ஸைத்தான் எழுப்புகிறார்கள். வழி வேறு, காதுக்குக் கிடைக்கும் ருசியில் கொஞ்சம் சொந்தம் உண்டு.

இப்போது சர்க்யூட். ஃபஸ் ஃபேஸில் இரண்டே டிரான்சிஸ்டர். நான் எடுத்தது எந்தக் கடையிலும் கிடைக்கும் பி.சி.547. கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் 2.2 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வழியாக முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. அதன் எமிட்டர் நேராக கிரவுண்ட். கலெக்டரிலிருந்து 33 கிலோ ஓம் 9 வோல்ட்டுக்கு. அதே கலெக்டர் நேரடியாக இரண்டாவதின் பேஸ், நடுவில் கண்டன்சர் கிடையாது. இரண்டாவதின் எமிட்டரில் 1 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர், மறுமுனை கிரவுண்ட், நடுக்கால் 22 மைக்ரோ ஃபாரட் வழியாக கிரவுண்ட். இதுதான் ஃபஸ் கன்ட்ரோல். இந்த எமிட்டரிலிருந்து 100 கிலோ ஓம் திரும்பிப் போய் முதல் டிரான்சிஸ்டரின் பேஸில் சேரும். இரண்டாவதின் கலெக்டரில் 8.2 கிலோ ஓம், அதோடு தொடராக 470 ஓம், பிறகு 9 வோல்ட். 8.2-உம் 470-உம் சேரும் இடத்திலிருந்து 0.01 மைக்ரோ ஃபாரட் வழியாக 500 கிலோ ஓம் வால்யூம். அவ்வளவுதான் முழு சர்க்யூட்டும்.

அந்த 100 கிலோ ஓம்தான் இதில் புத்திசாலி. முதல் டிரான்சிஸ்டர் கொஞ்சம் அதிகமாக கண்டக்ட் செய்தால் அதன் கலெக்டர் வோல்டேஜ் இறங்கும், இரண்டாவதின் எமிட்டரும் இறங்கும், 100 கிலோ ஓம் வழியாக வரும் பேஸ் கரண்ட் குறையும், முதலாவது தானாக அடங்கும். நெகட்டிவ் ஃபீட்பேக். டி.சி.க்கு இது எப்போதும் உண்டு. ஃபஸ் குமிழை முழுக்கத் திருகினால் 22 மைக்ரோ ஃபாரட் எமிட்டரை ஏ.சி.க்கு மட்டும் கிரவுண்ட் செய்துவிடும். அப்போது சிக்னலுக்கு ஃபீட்பேக் கிடையாது. கெயின் எகிறி, அலை இரண்டு பக்கமும் மோதி வெட்டுப்படும். பையஸை நிற்க வைத்துவிட்டு சிக்னலை மட்டும் தறிகெட்டு ஓடவிடும் இந்த யோசனைக்காகவே இதை வடிவமைத்தவரைக் கும்பிடலாம்.

இனி கையில் மல்டிமீட்டர் எடுங்கள். மூன்றாவது செமஸ்டரில் படித்த கியூ பாயிண்ட் இங்கேதான் காதில் கேட்கும். சிலிக்கனுக்கு பேஸ்-எமிட்டர் 0.6 வோல்ட். 100 கிலோ ஓமில் கொஞ்சம் விழுவதால் இரண்டாவதின் எமிட்டர் 0.7 வோல்ட் அளவில் நிற்கும். அப்படியென்றால் 1 கிலோ ஓமில் ஓடும் கரண்ட் 0.7 மில்லி ஆம்பியர். மேலே 8.2-உம் 470-உம் சேர்ந்து 8.67 கிலோ ஓம், அதில் விழுவது 6 வோல்ட். மிச்சம் கலெக்டரில் 3 வோல்ட்தான். நமக்கு வேண்டியதோ பாதி, 4.5 வோல்ட். ஏன் இந்த வித்தியாசம்? முதலில் வந்த ஃபஸ் ஃபேஸில் இருந்தது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். அதற்கு பேஸ்-எமிட்டர் 0.2 வோல்ட் அளவுதான், எமிட்டரில் அரை வோல்ட் வரும், கணக்கு 4.7 வோல்ட்டில் போய் நிற்கும். 8.2 அந்தக் காலத்து ஜெர்மேனியத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சிலிக்கனுக்கு அதை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் பிரிசெட் போடுங்கள். மீட்டரைப் பார்த்து 4.5 வோல்ட்டுக்குத் திருகினால் பிரிசெட் 6 கிலோ ஓம் பக்கம் நிற்கும்.

அதோடு நிறுத்தாதீர்கள். கிட்டாரை வாசிக்கச் சொல்லிக்கொண்டே பிரிசெட்டை மெல்லத் திருப்புங்கள். 3 வோல்ட் பக்கம் போனால் சத்தம் தடித்து ஒரு பக்கம் சாயும். 7 வோல்ட்டைத் தாண்டினால் நாதம் நடுவில் அறுந்து அறுந்து விழும், தீரப்போகும் பேட்டரியில் பாடும் ரேடியோ மாதிரி. சிலருக்கு அதுதான் பிடிக்கும். அண்ணன் 4.8-இல் நிறுத்தச் சொன்னார்.

டிரான்சிஸ்டரை நேரடியாக சால்டர் வைக்காமல் சின்ன சாக்கெட்டில் சொருகுங்கள். பி.சி.547-இல் ஏ, பி, சி என்று மூன்று ரகம். ஏ-க்கு ஹெச்.எஃப்.இ. 110-இலிருந்து 220, சி-க்கு 420-இலிருந்து 800. முதல் இடத்தில் ஏ-யும் இரண்டாம் இடத்தில் பி-யும் போட்டபோது கேட்கச் சுகமாக இருந்தது. இரண்டிலும் சி போட்டால் கெயின் அதிகம்தான், ஆனால் சும்மா இருக்கும்போதே 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும், ரேடியோவையும் இழுத்துக்கொள்ளும். முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவில் 100 பிகோ ஃபாரட் வைத்தால் அந்தத் தொல்லை போகும். மில்லர் எஃபெக்ட் பாடம் நினைவிருக்கிறதல்லவா, அந்தச் சின்னக் கண்டன்சர் கெயினால் பெருகி வேலை செய்யும்.

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை உடைத்தால் ஏ.சி.128 ஜெர்மேனியம் கிடைக்கும். அது பி.என்.பி., பேட்டரியையும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்களையும் தலைகீழாக மாற்ற வேண்டும். சத்தம் இன்னும் மிருதுவாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் ஜெர்மேனியத்தின் லீக்கேஜ் கரண்ட் 10 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் தகரப் பந்தலுக்குக் கீழே மதியம் டெஸ்ட் செய்த பையஸ் ராத்திரி கச்சேரியில் வேறு இடத்தில் இருக்கும். நாகப்பட்டினத்துக்கு சிலிக்கனே போதும்.

500 கிலோ ஓம் பொட்டன்ஷியோமீட்டர் கிடைக்காவிட்டால் 100 கிலோ ஓம் போடலாம். ஆனால் 0.01-ஐ அப்படியே விட்டால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் செத்துவிடும். 0.047 ஆக்குங்கள். இன்னொன்று, ஆர்க்கெஸ்ட்ராவில் பெரும்பாலும் கிட்டார் ஆம்ப் இருக்காது, மிக்சரில்தான் சொருகுவார்கள். கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே மங்கிவிடும். மேடையில் இருக்கும் ட்வீட்டர் அப்படி அல்ல, அத்தனை ஹார்மானிக்ஸையும் காதில் கொட்டும். குளவிக்கூடு கலைந்த மாதிரி இருக்கும். வால்யூமுக்கு முன்னால் 10 கிலோ ஓம் தொடராகவும், அங்கிருந்து 0.0047 மைக்ரோ ஃபாரட் கிரவுண்டுக்கும் வையுங்கள். 3.4 கிலோ ஹெர்ட்ஸில் வெட்டும். எங்கள் பெடலில் மிகப் பெரிய வித்தியாசம் காட்டியது இந்த ஒரு ரூபாய்க் கண்டன்சர்தான்.

வாசிக்கிறவருக்கும் ஒரு வார்த்தை. ஆறு கம்பியையும் சேர்த்து கார்டு அடித்தால் களேபரம். வெட்டும்போது ஒவ்வொரு இரண்டு ஸ்வரத்துக்கும் கூட்டலும் கழித்தலுமாகப் புது அதிர்வெண்கள் பிறக்கும். ஸ-வும் ப-வும் மட்டும் சேர்த்தால் தப்பில்லை. 110 ஹெர்ட்ஸும் 165 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் கழித்தல் 55, அது கீழ் ஸ்தாயி ஸ-வேதான். ஒற்றைக் கம்பியில் இழுத்து வாசித்தால் இன்னும் அழகு. வெட்டுப்பட்ட அலை சீக்கிரம் தேயாது, அதனால் நீண்ட கமகம்கூட நிற்கும். கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தால் சுணை உதிர்ந்து சுத்தமான நாதம் வரும். பெடலின் இன்புட் இம்பிடன்ஸ் குறைவு என்பதால் கிடைக்கும் போனஸ் அது.

பெட்டிக்கு அலைய வேண்டாம். சுவருக்குள் பதிக்கும் ஸ்விட்ச் போர்டு ஜி.ஐ. மெட்டல் பாக்ஸ் எலக்ட்ரிக் கடையில் கிடைக்கும். மிதி தாங்கும், கிரவுண்டில் சேர்த்தால் ஹம்மும் தடுக்கும். இன்புட்டுக்கு ஸ்டீரியோ சாக்கெட் போட்டு பேட்டரியின் நெகட்டிவை நடு ரிங்கில் கொடுங்கள். மோனோ பின் சொருகினால்தான் சர்க்யூட் ஆன் ஆகும், தனி ஸ்விட்ச் மிச்சம். மொத்தக் கரண்ட் ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை, ஒரு 9 வோல்ட் பேட்டரி மாதக்கணக்கில் வரும். நம் உப்புக் காற்றுக்கு சாக்கெட்டும் பொட்டன்ஷியோமீட்டரும்தான் முதலில் கரகரக்கும். அந்தக் கரகரப்பு ஃபஸ் அல்ல, கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். காலால் மிதிக்கும் டி.பி.டி.டி. ஸ்விட்ச் மட்டும் இங்கே கிடைக்கவில்லை, தபாலில் வரவழைத்தேன். எல்லாம் சேர்த்து ரூ.400-க்குள் முடிந்தது.

ஒரே ஒரு இடத்தில் விளையாட வேண்டாம். பெடல் பேட்டரியில் ஓடினாலும் கிட்டார் கம்பி, பெட்டி, ஆம்பின் சேசிஸ் எல்லாம் ஒரே கிரவுண்ட். ஹம் அடிக்கிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் ஆட்கள் உண்டு. அறுவடை முடிந்த வயலில் ஜெனரேட்டரில் ஓடும் மேடை, கீழே ஈரம், கையில் கம்பி, உதட்டில் மைக். 1972 மே மாதம் இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் மேடையிலேயே இறந்துபோனார். வாசிக்க உட்காருவதற்கு முன் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை மைக் வலையிலும் மறுமுனையைக் கம்பியிலும் தொட்டுப் பாருங்கள். முள் அசைந்தால் எர்த் சரியாகும் வரை கிட்டாரைத் தொடக் கூடாது. இதை அண்ணன் ஒவ்வொரு மேடையிலும் செய்கிறார். குழுவில் முதலில் சிரித்தார்கள், இப்போது பாடகரே "மீட்டர் வெச்சியா?" என்று கேட்கிறாராம்.

சர்க்யூட் படம் இந்த மலரில் அச்சாக இடமில்லை என்று ஆசிரியர் குழு சொல்லிவிட்டது. வேண்டியவர்கள் மதிய இடைவேளையில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பக்கம் வாங்க, வரைந்தே தருகிறேன். ஒரு போர்டும் கைவசம் இருக்கு. கிட்டார் மட்டும் நீங்க கொண்டு வரணும்.