மூன்றாவது எட்டு மணி யாருக்கு?

"வேலைக்குப் போனவனுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று யாரும் அப்படிக் கேட்பதில்லை. "படியேன், யார் தடுத்தது? கையில்தான் செல்போன் இருக்கிறதே!" என்கிறார்கள். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாமே போட்டுப் பார்ப்போம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்று கணக்கு வைத்திருக்கிறது. 80 கிரெடிட் கொண்ட முதுகலைப் படிப்பு என்றால் 2,400 மணி. அதை இரண்டே ஆண்டில் முடிப்பதானால் வாரத்துக்கு 23 மணி. 48 மணி நேர வேலையையும் சேர்த்தால் 71 மணி! பேருந்தில் தொங்கும் நேரம் இதில் அடங்கவில்லை. அடுப்படியில் நிற்கும் நேரமும் அடங்கவில்லை. அலுவலகம் விட்டு வந்து, சோறு பொங்கி, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகே காணொலிப் பாடத்தைத் திறக்க முடிகிற பெண், எத்தனை மணிக்குக் கண் அயர்கிறாள் என்று யார் கேட்டார்கள்?

அப்படியானால் இணையவழிப் படிப்பே வேண்டாம் என்கிறோமா? இல்லை, இல்லவே இல்லை! கல்லூரி வாசலை மிதிக்க வசதியற்றவனின் வீட்டுக்குக் கல்லூரியே வந்தது சாதாரண மாறுதலா? டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியை 1962இல் தொடங்கிற்று. மதுரையில் 1971இல் தொடங்கிற்று. 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இணையவழியில் தரும் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தது. கதவு திறந்துவிட்டது. உள்ளே நுழைய நேரம் எங்கே என்பதுதான் நம் கேள்வி.

எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு: இந்தக் கோரிக்கைக்காகத்தான் 1886இல் சிகாகோ வீதிகளில் தொழிலாளர் திரண்டனர். அந்த மே நாளை 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிக் காட்டினார் சிங்காரவேலர். அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் இன்று முதுகலைப் படிப்பு நடக்கிறது. "அவசர வேலை, கொஞ்சம் இருந்துவிட்டுப் போ" என்று மேலாளர் சொல்லும்போதெல்லாம் பறிபோவதும் அதே எட்டு மணிதான்!

ஊதியத்தோடு கல்வி விடுப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1974இலேயே உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று ஒப்பமிடவில்லை. படித்து வந்தவனின் திறமையால் இலாபம் காண்பது நிறுவனம். தேர்வு நாளுக்குச் சம்பளத்தை வெட்டுவதும் அதே நிறுவனமா? தேர்வு நாட்களில் ஊதியத்துடன் விடுப்பு, தேர்வு வாரத்தில் ஷிப்டு மாற்றாத உறுதி: இவ்விரண்டையும் தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இது சலுகையல்ல, உரிமை!

படிக்கப் புறப்படும் தோழர்களுக்கும் ஒரு சொல். "ஆறே மாதத்தில் பட்டம்" என்ற விளம்பரப் பலகையை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர். முகவர் மூலம் கிளை நடத்துவதை மானியக் குழு அனுமதிக்கவில்லை. மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகியவற்றுக்கு இணையவழிப் பட்டம் கிடையாது. நிறுவனத்தின் பெயரோடு, நீங்கள் சேரும் பாடமும் அந்த ஆண்டுக்கான மானியக் குழுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கட்டணம் கட்டுங்கள். இரண்டாண்டில் முடியாவிட்டால் குடி முழுகிவிடாது. கூடுதல் காலம் எவ்வளவு என்று விதியில் பார்த்துக் கொள்ளுங்கள். நான்காண்டாக நீட்டினால் வாரச் சுமை 23 மணியிலிருந்து பாதியாகக் குறையும். உடலை உருக்கி வாங்கும் பட்டத்தை விட, உறங்கி எழுந்து வாங்கும் பட்டம் மேல்.

படியுங்கள்! படிக்கும் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள்!