தீவகத் தெருக்களுக்கு நாற்சில்லு இழுவைக் கார்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைக்குச் செல்லும் மோட்டார் வண்டிக்கு இருமருங்கும் கடலே துணை. அப்பால் இன்னுமொரு தாம்போதியைக் கடந்தால் புங்குடுதீவு. அதன் ஓரத்திலுள்ள குறிகட்டுவான் துறையோடு தார்த்தெரு முடிந்துவிடும். இவ்வழியே நாள்தோறும் நகரத்துக்குத் தொழிலுக்கும் மருத்துவமனைக்கும் சென்று மீள்வோர் பலர். அவர்களுள் ஒருவர் நான்கு சில்லுகளும் இழுக்கும் வேகக் கார் ஒன்றை வாங்க விரும்பினால், அது பயன் தருமா என்பதே ஆராய்தற்குரியது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இலங்கையில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டும் இடங்கொடுக்கப்பட்டது. வரியோ கடுமை, ஆதலின் தவறான தெரிவு ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும்.

இவ்வகைக் காருக்குப் புகழ் தேடித் தந்தது பந்தயக் களம். 1980இல் ஜெனீவாக் கண்காட்சியில் தோன்றிய ஔடி குவாட்ரோ, 1982இல் உலக ரலிப் போட்டியில் தயாரிப்பாளருக்குரிய பட்டத்தை வென்றது. ஆனால், அதற்கு முன்பே யப்பானிய சுபாரு நிறுவனம் 1972இல் நாற்சில்லு இழுவையுடைய லியோன் வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. பனி மூடிய வடகிழக்கு யப்பானில் மின்கம்பிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளரின் தேவையே அம்முயற்சிக்கு வித்திட்டது. வேகத்துக்கு முன்னர் வந்தது வேலை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வண்டி வளைவிலே திரும்பும்போது முன் சில்லுகளும் பின் சில்லுகளும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இரண்டையும் இறுகப் பிணைத்துவிட்டால், உலர்ந்த தாரின்மேல் ரயர்கள் உரசித் தேயும், பற்சக்கரங்கள் நெரிபடும். பழைய ஜீப்பிலும் இன்றைய பிக்கப் பலவற்றிலும் இப்பிணைப்பை ஓட்டுநரே வேண்டும்போது மாட்டிக்கொள்வார். மணலிலும் சேற்றிலும் மட்டுமே அது தகும். பண்ணைத் தாம்போதியில் அதனை மாட்டியபடி ஓடுவது வண்டிக்குத் தீங்கு. எப்போதும் நான்கும் இழுக்கும் கார்களில், நடுவே டிபரன்ஷல் எனப்படும் பற்சக்கரத் தொகுதியோ, விசையை அளந்து பகிரும் கிளச்சோ உண்டு. அவ்வாறாயினும் நான்கு ரயர்களும் ஒரே அளவும் ஒரே தேய்வும் உடையனவாதல் வேண்டும். ஒன்று வெடித்தால் ஒன்றை மட்டும் புதிதாக்கி ஓட்டும் நம்மூர்ச் சிக்கனம் இங்கே செல்லாது.

இன்னொரு மயக்கமும் உண்டு. நான்கு சில்லும் இழுப்பதால் வண்டி விரைவில் நிற்கும் என்பது பொருந்தாது. நிறுத்துவது பிரேக்கும் ரயரின் பிடிப்புமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கும் தெருவிலே, இழுவையின் வலிமையை நம்பி விரைவோர் இதனை மறக்கின்றனர்.

தீவகம் மேடு பள்ளமற்ற சுண்ணக்கல் நிலம், மலையேற்றம் என்பதில்லை. இடையூறு விளைப்பவை மணல், வெள்ளம், உடைந்த ஒழுங்கைகள். இவற்றுக்கு வேண்டியது அடித்தட்டின் உயரம். வேகக் கார் பலவற்றுக்கு அது 130 முதல் 140 மில்லிமீற்றர் வரையே. உயர்ந்த வகைகளுக்கு 200க்கு மேல். தார்த்தெருவிலேயே ஓடுபவருக்கு முன்சில்லு இழுக்கும் சாதாரணக் காரே போதும், பெற்றோலும் மிஞ்சும். மணல் ஒழுங்கையில் வீடுடையவர், வேகத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து உயரமான நாற்சில்லு வண்டியை நாடலாம். நெடுந்தீவாருக்கு இக்கேள்வியே எழாது; அங்கே செல்வது ஒரு மணி நேரமளவு படகுப் பயணம், இறங்கிய பின் உழவு இயந்திரப் பெட்டியும் முச்சக்கர வண்டியுமே பெருந்துணை. நயினாதீவுக்குச் செல்லும் அடியாரும் காரைக் குறிகட்டுவானிலே விட்டுத்தான் படகேறுகின்றனர்.

அனைத்திலும் கொடிய பகை உப்புக்காற்று. நாற்சில்லு வண்டியின் அடியில் தண்டும் பற்சக்கரப் பெட்டியும் மிகுதி. துருவுக்கு இடமும் மிகுதி. நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவவேண்டும். கிணறுகள் பல உவர்க்கும் தீவுகளில் அதுவே பெரும் பாடு. யப்பானிலிருந்து வரும் பழைய நாற்சில்லுக் கார்களிற் பல, குளிர்காலத்தில் தெருவிலே உப்புத் தூவும் பனிநாட்டுப் பகுதிகளில் ஓடியவை. மேற்பூச்சு மின்னினும், வண்டியை உயர்த்தி, சட்டத்தின் பொருத்துகளையும் பிரேக் குழாய்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த பின்னரே விலை பேசுதல் தக்கது.