படிக்கல்லும் சுருள்வில்லும்

அண்டை உலகங்கள் – 9

பழைய பேப்பர் வாங்க வருபவர் கையில் ஒரு சுருள்வில் தராசு இருக்கும். செய்தித்தாள் கட்டைக் கொக்கியில் மாட்டி ஒரு கையால் தூக்கிப் பிடிப்பார். முள் சரசரவென்று இறங்கி, இரண்டு முறை அலைந்து, ஆறு கிலோவில் நிற்கும். அதே தெருமுனையில் காய்கறி விற்கும் அம்மாவிடம் தட்டுத் தராசு. ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் கத்தரிக்காய். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத்தான் நமக்குத் தோன்றும். பூமியை விட்டுக் கிளம்பினால்தான் வித்தியாசம் தெரியவரும்.

போன வாரம் நிலாவின் தூசியில் நடந்தோம். இந்த வாரம் இரண்டு தராசுகளையும் அங்கே எடுத்துப்போவோம்.

நிலாவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. அதனால் சுருள்வில் தராசில் ஆறு கிலோ பேப்பர் கட்டு ஒரு கிலோ என்றே காட்டும். 2023 ஆகஸ்ட்டில் நிலாவில் இறங்கி ஓடிய நம் பிரக்யான் ஊர்தி இங்கே 26 கிலோ. அங்கே அதன் சக்கரங்கள் சுமந்தது நாலரை கிலோவுக்கும் குறைவான பாரம். தட்டுத் தராசுக்கோ இந்த மாற்றமே தெரியாது. கத்தரிக்காயை இழுக்கும் விசை குறைந்தால், படிக்கல்லை இழுக்கும் விசையும் அதே அளவு குறையும். தட்டுகள் பழையபடி சமமாக நிற்கும். வாங்கியவருக்கு ஒரு காய்கூடக் குறையாது.

தட்டு ஒப்பிடுவது நிறையை, அதாவது பொருளுக்குள் இருக்கும் சரக்கை. சுருள்வில் காட்டுவது எடையை, அதாவது அந்தச் சரக்கைக் காலடியில் இருக்கும் உலகம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை.

இந்த இழுப்பு பூமியிலேயே ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறுகிறது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸிலிருந்து ஊசல் கடிகாரத்தோடு தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம், நிலநடுக்கோட்டுக்கு அருகே இருக்கும் அந்த ஊரில் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கித்தான் அவரால் நேரத்தைச் சரிசெய்ய முடிந்தது. அங்கே ஈர்ப்பு குறைவு. அதனால் ஊசல் மெதுவாக ஆடியது. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்பதற்கு நியூட்டன் இதையும் ஒரு சான்றாகக் கொண்டார். துருவத்தில் 60 கிலோ காட்டும் சுருள்வில், நிலநடுக்கோட்டில் சுமார் 300 கிராம் குறைத்துக் காட்டும். எந்தத் தட்டுத் தராசாலும் கண்டுபிடிக்க முடியாத இதை ஓர் ஊசல் காட்டிக்கொடுத்தது.

மற்ற கோள்களில் என்ன ஆகும்? இங்கே 60 கிலோ இருப்பவருக்கு வெள்ளியில் சுருள்வில் 54 காட்டும். வியாழனின் மேகங்களின் உச்சியில் 150ஐத் தாண்டும். சனி பூமியைப் போல 95 மடங்கு சரக்குள்ள கோள். ஆனால் அங்கே முள் நிற்பது ஏறத்தாழ 64இல்! காரணம் தூரம். மையத்திலிருந்து விலகும் தூரம் இரண்டு மடங்கானால், இழுப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். சனியின் மேகங்கள் அதன் மையத்திலிருந்து ஒன்பது பூமி ஆரங்களுக்கும் அப்பால் இருக்கின்றன. செவ்வாயும் புதனும் இதைவிட அழகான ஜோடி. புதனின் நிறை செவ்வாயினுடையதில் பாதிதான். ஆனால் பெரிய இரும்பு வயிறும் சின்ன உருவமும் கொண்ட கோள் அது. மையம் கிட்டத்தில் இருக்கிறது. அதனால் இரண்டிலுமே நம் ஆள் 23 கிலோ.

எடை குறைந்தால் வாழ்க்கை லேசாகிவிடுமா? 1972 ஏப்ரலில் அப்போலோ 16இல் போன சார்லஸ் டியூக், நிலாவில் எம்பிக் குதித்துப் பார்த்தார். பூமியில் 80 கிலோவுக்கும் மேலான அவருடைய உடையும் முதுகுப் பெட்டியும் அங்கே 15 கிலோபோல் இருந்தன. எழும்புவது சுலபமாக இருந்தது. ஆனால் அந்தரத்தில் உடல் பின்பக்கம் சாய, மூச்சுக்கான காற்றைத் தரும் பெட்டி அடிபடும்படி மல்லாக்க விழுந்தார். பெட்டி உடைந்திருந்தால் உயிர் போயிருக்கும். எடை குறைந்ததே தவிர, பெட்டியின் நிறை குறையவில்லை. சாயத் தொடங்கிய அந்த நிறையை நிறுத்த, பூமியில் தேவைப்படும் அதே பலம் அங்கேயும் தேவை.

விண்வெளி நிலையத்தில் இரண்டு தராசுமே உதவாது. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு இன்னமும் பூமியின் தரையில் இருப்பதில் 90 சதவீதம் இருக்கிறது. ஆனால் நிலையமும் ஆளும் தராசும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால், எதுவும் எதையும் அழுத்துவதில்லை. 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் நிலையத்துக்காக, மருத்துவரும் விண்வெளி வீரருமான வில்லியம் தார்ன்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். சுருள்வில்லோடு இணைத்த நாற்காலியில் ஆளை உட்காரவைத்து ஆடவிடுவது. நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஆடும் நேரத்தை அளந்தால் நிறை தெரிந்துவிடும்.

அப்படி அளந்து பார்க்க அவசியம் இருக்கிறது. எடையற்ற நிலையில், பாரம் தாங்கும் எலும்புகள் மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை கரைகின்றன. அதைத் தடுக்கத்தான் வீரர்கள் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். டியூக்கைத் தள்ளிவிட்டது படிக்கல்லின் கணக்கு. எலும்பு பார்ப்பதோ சுருள்வில்லின் கணக்கை. குடம் தூக்குவதும் மாடிப்படி ஏறுவதும் சுமை என்றுதான் நினைக்கிறோம். அந்தச் சுமைதான் எலும்பைக் காக்கிறது.

மனித உடலுக்கு இதுவரை நன்றாகப் பழக்கமானவை இரண்டே நிலைமைகள்: பூமியின் முழு எடை, சுற்றுப்பாதையின் எடையின்மை. இடைப்பட்ட எடையில் நிலாவில் நின்றவர்கள் 12 பேர்தான். அதிகம் தங்கியவர்களுக்கும் அது மூன்று நாளுக்குச் சற்று மேல்தான். செவ்வாயின் 23 கிலோ எலும்புக்குப் போதுமா, அங்கே ஒரு குழந்தை எப்படி வளரும் என்று எந்தத் தராசும் இன்று சொல்லாது. யாராவது அங்கே போய் வருடக்கணக்கில் வாழ்ந்து, எலும்பை அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

(அடுத்த வாரம்: கையால் எறிந்த கல் திரும்பி விழாத உலகம், செவ்வாயின் குட்டி நிலவு டீமோஸ்)