மல்லாந்து கிடந்தால் மரணமா?

மாணவர்களே, டரண்டுலா சிலந்தி ஒன்று கால்களை விரித்து மல்லாந்து கிடந்தால், செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டுவிடாதீர்கள். அது தோலுரித்துக்கொண்டிருக்கலாம். இறந்த டரண்டுலா பெரும்பாலும் கால்களை உடலுக்கு அடியில் சுருட்டிக் குப்புறக் கிடக்கும்.

சிலந்திக்கு எலும்பு இல்லை. உடலை மூடிய கெட்டியான புறக்கூடே அதைத் தாங்குகிறது. அக்கூடு உடலோடு சேர்ந்து வளராது. ஆகவே, அடியில் புதிய கூடு உருவானதும் பழையதைக் கழற்ற வேண்டும். சிலந்தி தன் வயிற்றிலுள்ள உடல்நீரை முன்பகுதிக்குச் செலுத்துகிறது. அழுத்தம் கூடியதும் அங்குள்ள மேலோடு மூடிபோல் திறக்கிறது. பின்னர், கையுறையிலிருந்து விரல்களை உருவுவதுபோல் எட்டுக் கால்களையும் உருவி எடுக்கிறது. இதற்குச் சில மணி நேரம் ஆகலாம்.

வெளிவந்த உடல் மிருதுவானது. நச்சுப்பற்களும் வெளுத்து மென்மையாக இருக்கும். அவை இறுகும்வரை சிலந்தி இரை உண்ணாது. அப்போது ஒரு வெட்டுக்கிளிகூட அதைக் காயப்படுத்திவிடும். ஆனால் நன்மையும் உண்டு: முன்பு இழந்த கால் தோலுரிக்கும்போது மீண்டும் முளைக்கும்.

குஞ்சுகள் ஆண்டுக்குப் பலமுறை தோலுரிக்கும். வளர வளர இடைவெளி கூடும். மெக்சிகோவின் செம்முழங்கால் டரண்டுலாவில், ஆணுக்குப் பருவமடையும் தோலுரிப்பே பெரும்பாலும் கடைசி. அதன்பின் அது நெடுநாள் வாழ்வதில்லை. பெண்ணோ தொடர்ந்து தோலுரித்து 20 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடும்.