முகாமில் மிதிவண்டியைக் காப்பது எப்படி?

மிதிவண்டி எளியோரின் ஊர்தியாகும். அதற்கு எண்ணெய் வேண்டாம், தீனி வேண்டாம், மிதிப்பதற்கு இரு கால்கள் இருந்தால் போதும். 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வான் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்கள் கொண்ட மரவண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு மிதிகட்டைகள் இல்லை. கால்களால் தரையை உந்தித் தள்ளியே ஓட்ட வேண்டியிருந்தது. 1885-இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, சங்கிலியால் இயங்கும் வண்டியைச் செம்மையாக அமைத்தார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரப்பர் டயரை மிதிவண்டிக்குப் பொருத்தினார். அத்தகைய டயர்களுக்கு வேண்டிய ரப்பரின் தேவை பெருகியதாலேயே மலாயாவில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் பல்லாயிரவர் பால்மரம் வெட்டக் கடல் கடந்து வந்தனர். எனவே, மிதிவண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு பழமையானது.

தோட்டப்புறத்தில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்ட இந்நாளிலும், மிதிவண்டியை நம்பி வாழும் குடும்பங்கள் உண்டு. தந்தையார் விடியற்காலைப் பிரட்டுக்கு நேரத்தோடு சென்று சேர்வதும், அண்ணனும் தம்பியும் பள்ளிக்கு வருவதும், அம்மா கடையிலிருந்து அரிசி கொண்டு வருவதும் ஒரே வண்டியால் நடைபெறும் வீடுகள் இருக்கின்றன. அத்தகைய வீட்டுப் பிள்ளை விடுமுறைக் காலச் சாரணர் முகாமிற்கு அவ்வண்டியில் சென்று, அதனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினால், இழப்பு அவனுக்கு மட்டுமன்று. குடும்பம் முழுவதற்கும் ஆகும். ஆதலின், முகாமில் மிதிவண்டியைக் காக்கும் வழிகளை மாணவர்களும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

முகாமில் களவு எளிதாவது ஏன்?

வீட்டில் சுவர் உண்டு, கதவு உண்டு, அடுத்த வீட்டார் கண்ணும் உண்டு. முகாமிலோ துணிக் கூடாரத்தைத் தவிர வேறு மறைப்பு இல்லை. போர்ட்டிக்சன் போன்ற கடற்கரைகளில் யாரும் எவ்வேளையிலும் வந்து போகலாம். வருவோர் போவோர் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். ஆகவே, அயலான் ஒருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும், அது அவனுடையதே என்று பிறர் எண்ணிவிடுவர். பகலெல்லாம் ஓடி ஆடிய பிள்ளைகள் இரவில் அயர்ந்து உறங்குவர். அலையோசையும் காற்றின் ஓசையும் சிறு சத்தங்களை மூழ்கடித்துவிடும். இவையெல்லாம் திருடனுக்குத் துணையாகின்றன.

பூட்டு என்ன செய்கிறது?

எந்தப் பூட்டையும் போதிய நேரமும் தக்க கருவியும் இருந்தால் உடைத்துவிடலாம். பூட்டு திருடனை அடியோடு தடுப்பதில்லை, அவனைத் தாமதப்படுத்துகிறது. தாமதம் நீள நீள, யாரேனும் பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம் அவனுக்கு மிகும். எனவே பூட்டும் வேண்டும். பார்க்கும் கண்ணும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன் தராது. இதுவே நாம் மனத்தில் இருத்த வேண்டிய அடிப்படை உண்மையாகும்.

கடைகளில் மூவகைப் பூட்டுகள் கிடைக்கின்றன. முதலாவது, மெல்லிய கம்பிகளை முறுக்கிப் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பிப் பூட்டு. இது விலை மலிவு. சிறு வெட்டுக்கருவிக்கும் எளிதில் இரையாகிவிடும். இரண்டாவது, கனத்த இரும்புச் சங்கிலியும் பூட்டும். மூன்றாவது, 'ப' என்னும் எழுத்தைப் போல் வளைந்த கெட்டி எஃகுப் பூட்டு. பின்னைய இரண்டும் உறுதியானவை. அவற்றுள் 'ப' வடிவப் பூட்டு பருத்த மரத்தைச் சுற்றி வராது. முகாமிற்கு நீண்ட சங்கிலியே ஏற்றது. சங்கிலியைப் பழைய டயரின் உள் டியூபுக்குள் நுழைத்துக்கொண்டால் வண்டியின் வண்ணமும் கெடாது. மரத்தின் பட்டையும் காயப்படாது.

உருளை வடிவச் சாவி கொண்ட பழைய பூட்டுகளைத் தவிர்த்தல் நல்லது. அவற்றுள் சில, பந்துமுனைப் பேனாவின் பிளாஸ்டிக் குழாயாலேயே திறந்துகொள்ளும் என்பது 2004-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது.

எண் பூட்டும் கணக்கும்

சாவி தொலைந்துவிடும் என்று அஞ்சுவோர் எண் பூட்டை வாங்குவர். மாணவர்களே, இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று எண்கள் கொண்ட பூட்டில் 000 முதல் 999 வரை 1,000 எண்கள் அமையும். ஓர் எண்ணைச் சோதிக்க 3 வினாடி ஆகுமாயின், எல்லாவற்றையும் சோதிக்க 3,000 வினாடி, அதாவது 50 நிமிடம் போதும். நான்கு எண்கள் கொண்ட பூட்டிலோ 10,000 எண்கள் உள்ளன. அவற்றைச் சோதிக்க 30,000 வினாடி, அதாவது 8 மணி 20 நிமிடம் வேண்டும். ஓர் இரவே கழிந்துவிடும்! ஓர் எண் கூடுவதால் பாதுகாப்பு பத்து மடங்காகிறது. ஆயினும், 1234 என்றோ பிறந்த ஆண்டையோ வைத்தால் இக்கணக்கு பயன்படாது. பூட்டிய பின் கடைசி எண்ணை மட்டும் திருப்பிவிடாமல், எல்லா எண்களையும் கலைத்துவிடவும் வேண்டும்.

எதில் கட்டுவது? எப்படிக் கட்டுவது?

சக்கரத்தை மட்டும் பூட்டி நிறுத்தினால், வண்டியை அப்படியே தூக்கிச் சென்றுவிடலாம். ஆகவே, அசையாத பொருள் ஒன்றோடு சேர்த்துக் கட்டுதல் வேண்டும். மெல்லிய செடியும், தரையில் செருகிய மூங்கிலும், கூடாரத்தின் முளைக்குச்சியும் உதவா. தென்னை, சவுக்கு போன்ற உயர்ந்த மரமோ, சிமெண்டில் பதித்த இரும்புத் தூணோ ஏற்றது. தூண் குட்டையாக இருந்தால் சங்கிலியை மேல்வழியாகக் கழற்றிவிடலாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சங்கிலி வண்டியின் சட்டத்துக்குள்ளும், பின் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையிலும் நுழைந்து மரத்தைச் சுற்றி வரவேண்டும். சங்கிலி நீளமாயின் முன் சக்கரத்தையும் பிணைத்தல் நலம். சங்கிலி தரையில் தொங்கக் கூடாது. தரையில் கிடந்தால், திருடன் தன் வெட்டுக்கருவியின் ஒரு கைப்பிடியை மண்ணில் ஊன்றி, மற்றொன்றின் மேல் தன் உடற்பாரம் முழுவதையும் செலுத்தி வெட்டிவிடுவான். உயரத்தில் இறுக்கமாகக் கட்டியிருந்தால் அவ்வாறு செய்வது கடினம். சாவித்துளை கீழ்நோக்கி இருந்தால் மழைநீர் உள்ளே இறங்காது. கடற்காற்றின் உப்பு பூட்டைத் துருப்பிடிக்கச் செய்யுமாதலால், புறப்படுமுன் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் நல்லது.

பல வண்டிகள் இருந்தால், ஒன்றின் தலைப்பக்கமும் அடுத்ததன் வால்பக்கமும் மாறி மாறி அமையுமாறு நெருக்கி நிறுத்தி, ஒரு நீண்ட சங்கிலியால் பிணைக்கலாம். அத்தகைய கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் ஓசையின்றி உருவி எடுப்பது எளிதன்று. எனினும், பொதுப் பூட்டு ஒன்று உடைந்தால் எல்லாம் போய்விடும். ஆதலின், ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பூட்டும் இருத்தல் வேண்டும்.

இரவுக் காவல்

வண்டிகளைக் கூடாரங்களுக்குப் பின்னால் இருளில் நிறுத்தாமல், நடுவில் விளக்கொளி படும் இடத்தில் நிறுத்துக. விளக்கு, காற்றடிக்கும் பம்பு, கையால் கழற்றக்கூடிய இருக்கை ஆகியவற்றைக் கூடாரத்துள் கொண்டு செல்க. சங்கிலியைப் பற்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டால், ஏறி மிதிப்பவனால் வண்டியை ஓட்ட இயலாது. வெறும் பால் டின்னில் கூழாங்கற்களைப் போட்டு, கயிற்றால் வண்டியில் தொங்கவிட்டால், வண்டி அசைந்தவுடன் அது கலகலவென ஒலிக்கும். செலவில்லாத காவற்காரன் அது!

இவற்றினும் சிறந்தது மனிதர் காவல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எட்டு மணி நேரம். இருவர் இரண்டு மணி நேரம் விழித்திருந்தால், எட்டுப் பெரியவர்கள் ஓர் இரவைக் காத்துவிடலாம். இப்பணியில் ஆசிரியர்களோடு பெற்றோரும் பங்கு கொள்வது சிறப்பாகும். இளம் மாணவர்களைத் தனியே காவலுக்கு வைத்தல் கூடாது.

வாடகை வண்டியாயின்

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் ஜெலுத்தோங், மாமாம் போன்ற முகாமிடங்கள் உள்ளன. அங்குச் செல்வோர் பலர், படகுத் துறைக்கு அருகில் மிதிவண்டியை வாடகைக்கு எடுப்பர். வாடகை வண்டிகள் ஒன்றுபோல் தோன்றுவதால், திருடனே இல்லாமலும் வண்டி மாறிப் போகும். கைப்பிடியில் ஒரு வண்ணத் துணியைக் கட்டி, வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டால் இத்தொல்லை நேராது.

அடையாளமும் புகாரும்

பெரும்பாலான மிதிவண்டிகளில், மிதிகட்டைகள் பொருந்தியிருக்கும் அச்சுக்கு அடியில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி, வண்டியைப் படமும் எடுத்து வையுங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதி, நனையாதவாறு பிளாஸ்டிக்கில் சுற்றி, இருக்கைக் குழாயினுள் செருகி வையுங்கள். திருடன் வண்ணத்தை மாற்றினாலும், வண்டி உங்களுடையது என்று அது சான்று கூறும்.

வண்டி களவு போனால், உடனே ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். திருடனைக் கண்டாலும் மாணவர்கள் துரத்திச் செல்லலாகாது. வண்டியினும் உயிர் பெரிது. பெரியவர்களோடு அருகிலுள்ள காவல் நிலையத்திற்குச் சென்று, எண்ணையும் படத்தையும் காட்டிப் புகார் செய்ய வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ரசீது இல்லாமல் அடிமாட்டு விலைக்கு வரும் வண்டியை வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்குவது மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்படி குற்றமாகும். மேலும், நாம் மலிவாக வாங்கும் அவ்வண்டி, எங்கோ ஒரு தோட்டத்துப் பிள்ளை அழுது இழந்த வண்டியாக இருக்கலாம். வாங்குவார் இல்லையேல் திருடுவாரும் குறைவர்.

மாணவச் செல்வங்களே! கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. புறப்படும் முன்னரே பூட்டைச் சோதியுங்கள், எண்ணைக் குறியுங்கள், உங்கள் வண்டியைக் காப்பது போலவே தோழனின் வண்டியையும் காவுங்கள். எல்லாரும் எல்லாருடைய பொருளையும் காக்கும் முகாமில் திருடனுக்கு இடமில்லை.